ஹெக்குபா சொன்ன வார்த்தைகள்

யுத்தத்தின் கதையை வென்றவர்கள் ஒருவிதமாகச் சொல்வார்கள். வீட்டையும் உறவுகளையும் இழந்த பெண்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள். அப்பெண்களின் பக்கம் நின்று எழுதப்பட்ட மிகப் பழைய துன்பியல் நாடகங்களில் ஒன்று ‘ட்ரோய் நகரப் பெண்கள்’. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் எழுதிய இந்நாடகம் கி.மு. 415இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறியது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் ஏதென்ஸின் படை மீலோஸ் என்ற சிறிய தீவைக் கைப்பற்றியிருந்தது. பிடிபட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்த ஏதென்ஸ் மக்களின் முன்னால், கிரேக்கரிடம் தோற்ற ட்ரோய் நகரத்துப் பெண்களின் பழங்கதையை யூரிப்பிடீஸ் மேடையேற்றினார்.

நாடகத்தின் தொடக்கத்தில் ட்ரோயின் அரசி ஹெக்குபா வெறுந்தரையில் கிடக்கிறாள். கணவனும் மகன்மாரும் கொல்லப்பட்டுவிட்டார்கள். தரையிலிருந்து தலையைத் தூக்கும்படி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். தன் நகரமும் அரச வாழ்வும் போய்விட்டன என்பதையும் ஒத்துக்கொள்கிறாள். அவளைத் தூக்கிவிட யாரும் வரவில்லை. துயரம் ஆறிய பிறகு எழும்பலாம் என்று அவள் காத்திருக்கவுமில்லை. துயரத்தோடுதான் தலை நிமிர்த்துகிறாள். புகழ்பெற்ற அவ்வரிகளின் பொருள் இதுதான்.

இன்னும் ஒரு கொடுமை நடக்கிறது. அவளுடைய சின்னஞ்சிறு பேரனை, வளர்ந்தால் பழிவாங்குவான் என்று கிரேக்கர் கோட்டை மதிலிலிருந்து வீசிக் கொல்கிறார்கள். தாய் அன்ட்ரோமக்கேயை அதற்குள் கப்பலில் கொண்டுபோய்விடுகிறார்கள். கொலைக் கட்டளையைக் கொண்டுவந்த தூதுவனே பிள்ளையின் உடலை ஆற்றில் கழுவிக் கொண்டுவருகிறான். தகப்பன் ஹெக்டரின் கேடயமே பிள்ளைக்குப் பெட்டியாகிறது. அதன் பிடியில் மகனின் கை பட்ட அடையாளத்தைக் காண்கிறாள் ஹெக்குபா. தன்னைப் புதைக்க வேண்டிய பிள்ளையைத் தான் புதைக்க நேர்ந்ததே என்று அழுகிறாள்.

அப்போது அவள் ஒரு கேள்வி கேட்கிறாள்: இப்பிள்ளையின் கல்லறையில் என்ன எழுதுவது? கிரேக்கர் ஒரு குழந்தைக்கு அஞ்சி அதைக் கொன்றார்கள் என்று எழுதினால், அது அவர்களுக்கே அவமானம் என்கிறாள். ஆயுதமில்லாத கிழவி ஒருத்தி, வென்ற படையின் வீரத்தை இப்படி விசாரணை செய்கிறாள்.

2013இல் ஜோர்தானின் அம்மான் நகரில், சிரிய யுத்தத்தால் அகதிகளான பெண்கள் இந்நாடகத்தை அரபு மொழியில் நடித்தார்கள். அவர்கள் தொழில்முறை நடிகைகள் அல்லர். தாங்கள் இழந்த வீடுகளையும் உறவுகளையும் பற்றிய சொந்தக் கதைகளையும் அதில் சேர்த்துச் சொன்னார்கள்.

நாடகத்தின் முடிவில் ஹெக்குபாவுக்கு விடுதலை கிடைப்பதில்லை. நிலத்தைக் கைகளால் தட்டி, இறந்துபோன தன் பிள்ளைகளை அழைக்கிறாள். பிறகு நடுங்கும் கால்களோடு கப்பலை நோக்கி நடக்கிறாள். நடந்ததைச் சொல்லும் வாயை மட்டும் அவளிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை.