உங்களுக்குத் தெரியுமா? கல்முனைக்கென ஒரு தனி வரி

இலங்கையின் நிர்வாக மாவட்டங்கள் 25 மட்டுமேயாயினும், தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் பிரசுரிக்கும் நோய் அட்டவணையில் 26 பிரதேசங்கள் காணப்படுகின்றன. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் சுகாதார சேவையில் தனிப் பிராந்தியமாக விளங்குவதால், மிகுதியான அந்த ஒரு வரி கல்முனைக்கே உரியது.

• டெங்கு, எலிக்காய்ச்சல் முதலிய நோய்கள் குறித்துச் சந்தேகம் தோன்றிய மாத்திரத்தே, இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் ‘எச்-544’ என்னும் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பக் கடமைப்பட்டவராவார். அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் இல்லத்துக்கே வந்து, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, கிணற்றடி வாளி என ஒவ்வொன்றையும் குனிந்து நோக்குவார். தண்டம் விதிக்க வந்தவரென அவரை எண்ணிப் படலையைச் சாத்துவோர், அறியாமலே அயல்வீட்டுக் குழந்தைகளுக்கு அநியாயம் செய்கின்றனர்.

• கொழும்பில் தென்மேல் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலை மாதங்களில் உக்கிரமடையும் டெங்கு, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையில் பெரும்பாலும் மாரி மழையைத் தொடர்ந்தே, மார்கழி, தை மாதங்களில் தலைதூக்குகிறது.

• ஈடிஸ் நுளம்பின் முட்டை நீரின்றியும் பல மாதம் ஜீவித்திருக்கும். கச்சான் காலத்தில் வறண்டுகிடந்த தொட்டியும் கரையேற்றிய தோணியும், முதல் மழைநீர் தேங்கிய சில தினங்களில் புழுக்களால் நிறைவது இதனாலேயே.

• தொய்வும் ஏனைய ஒவ்வாமைப் பிணிகளும், மேற்கூறிய ‘எச்-544’ படிவத்தின் மூலம் அறிவித்தற்குரிய நோய்களின் பட்டியலில் இல்லை.