நாலாவது வருடம் எதற்கு?

உயர்தரத்தில் நான் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் செய்ய விருப்பம் என்று பெருநாள் விடுமுறையில் வீட்டில் சொன்னேன். "இங்கிலீஷ் பேசப் பழக நாலு வருஷமா?" என்று கேட்டார் வாப்பா. அப்போது என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பிறகு தேடி அறிந்ததை, இதே கேள்வியை வீட்டில் சந்திக்கப்போகும் தோழியருக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

நம் நாட்டின் கலைப்பீடங்களில் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. பொதுப் பட்டம் மூன்று வருடம். பல பாடங்களைச் சேர்த்துப் படிக்கலாம். சிறப்புப் பட்டம் நான்கு வருடம். ஒரு துறையை ஆழமாகப் படிக்க வேண்டும். முன்பு 'ஸ்பெஷல்' என்றார்கள், இப்போது 'ஓனர்ஸ்' என்கிறார்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி முதலாவதற்குக் குறைந்தது 90 கிரெடிட், இரண்டாவதற்கு 120. ஒரு கிரெடிட் என்பது வகுப்பிலும் வெளியிலுமாக ஏறத்தாழ 50 மணித்தியாலப் படிப்பு. பல்கலைக்கழகத்துக்குள் போனவுடன் சிறப்புப் பட்டம் கைக்கு வந்துவிடாது. முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்தே துறை மாணவரைத் தெரிவு செய்யும்.

அமெரிக்காவில் எல்லோருக்கும் நான்கு வருடம்தான். அதற்கு மேலாக ஆய்வேடு எழுதித் தகுதி பெறுபவருக்கே துறை 'ஓனர்ஸ்' என்ற மதிப்பை வழங்குகின்றது. இணையத்தில் தேடுபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். நான் ஒரு கிழமை குழம்பினேன்.

இரண்டு இடத்திலும் பொதுவானது அந்த ஆய்வேடு. ஒரு விரிவுரையாளரின் வழிகாட்டலில் மாணவி தானே ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்து, அதைப்பற்றி முன்னர் எழுதியவர்களை வாசித்து, தன் விடையை ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். 'ஆங்கில நாவல்களில் பெண்கள்' என்று தொடங்கினால் ஆயுள் போதாது. லெனாட் வூல்ப் என்ற ஆங்கில எழுத்தாளர் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் அரச அதிகாரியாக இருந்தவர். அந்த நாட்களை 1961 இல் வெளிவந்த தன் சுயசரிதை நூலில் எழுதியிருக்கிறார். அவர் இங்கே கண்ட மனிதர்களை எந்தச் சொற்களால் காட்டுகிறார் என்று கேட்டால், அது ஒரு வருடத்தில் விடை காணக்கூடிய கேள்வி.

என் மனதை மாற்றியது வேறொருவரின் ஆய்வு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் சுரேஷ் கனகராஜா. அவருடைய மாணவர்களுக்கு அமெரிக்கப் பாடநூல் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. அதன் பக்க ஓரங்களில் மாணவர்கள் படங்கள் கீறினார்கள், குறிப்புகள் எழுதினார்கள். நாமென்றால் ஏச்சு வாங்கியிருப்போம். அவரோ அந்த ஓரங்களையே ஆய்வுப்பொருளாக எடுத்தார். பாடநூல் காட்டிய உலகத்தோடு நம் ஊர்ப் பிள்ளைகள் எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதை அவற்றிலிருந்து வாசித்தார். அந்த ஆய்வு 1999 இல் வெளிவந்த அவரது நூலில் இருக்கின்றது. மின்சாரமும் தாளும் தட்டுப்பாடான காலத்தில் இங்கிருந்து ஆய்வு எழுதுவது எப்படியிருந்தது என்பதை 2002 இல் இன்னொரு நூலாக எழுதினார். அவர் செய்தது விரிவுரையாளரின் ஆய்வு, பட்டப்படிப்பு மாணவியுடையது அல்ல. ஆனாலும் ஆங்கிலத் துறையின் கேள்வி இலண்டனிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என்னிடமும் ஒரு கேள்வி இருக்கின்றது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். மூத்தம்மா அதை "வெளிக்கிட்ட நாள்" என்பார், ஏதோ பயணம் போனது போல. வாப்பா "விரட்டின நாள்" என்பார். புத்தளத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஆங்கிலப் படிவங்களில் 'டிஸ்பிளேஸ்ட்', அதாவது இடம்பெயர்ந்தோர். வாப்பாவின் சொல்லில் விரட்டியவர் ஒருவர் இருக்கிறார். படிவத்தின் சொல்லில் யாருமே இல்லை, வெள்ளம் வந்து போனது போல. நம்மைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளிலும் கதைகளிலும் எந்தச் சொல் வருகின்றது, யார் அதைத் தெரிந்தெடுத்தார்கள்? இதைக் கேட்பதற்கு ஆங்கிலம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

பெற்றோரின் கவலைகளும் நியாயமானவை. ஒரு வருடச் செலவு கூடும். விடுதி, தூரம் என்ற யோசனையும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் மொழியியல், ஆங்கிலத் துறை இருக்கின்றது. சோனகதெருவிலிருந்து திருநெல்வேலி சைக்கிளில் போகும் தூரம். பேராதனை கிடைத்தால் வீட்டில் இன்னொரு பேச்சு நடக்கும், அது வேறு கதை. தொழிலைப்பற்றிக் கேட்பவர்களுக்கு: பொதுப் பட்டத்தோடும் ஆசிரியராகலாம். ஆனால் பல்கலைக்கழக விரிவுரையாளராக விண்ணப்பிக்கச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும் வேண்டும். 4.00 இல் 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அனுமதி நிபந்தனைகள் மாறக்கூடியவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலை நீங்களே வாசியுங்கள், மற்றவர் சொன்னதை நம்பாதீர்கள்.

இந்தக் கட்டுரையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். செலவைப்பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. மூத்தம்மாதான் இடையில் சொன்னார்: "நாலாவது வருஷம் வரைக்கும் நான் இருப்பனோ தெரியா. கேக்கிறதை இப்பவே கேட்டு எழுதி வை." வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காரத் தொடங்கியிருக்கிறேன்.