முதியோர் வைத்தியச் சந்தாவும் வருமானப் படிகளும்

ஒரு பொது நிதிக்கு அங்கத்தினர் யாவரும் ஒரே அளவாகச் சந்தா செலுத்துவதா, வசதி படைத்தோர் சற்று மிகுதியாகச் செலுத்துவதா? கூட்டாக நடைபெறும் எந்த நிதியிலும் எழக்கூடிய கேள்வி இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதியோர் வைத்திய இன்ஷுரன்ஸ் திட்டம் இதற்கு அளித்துள்ள விடையை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

'மெடிகேர்' எனப்படும் அத்திட்டம் 1965ஆம் ஆண்டில் சட்டமாகி, 1966 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 65 வயது நிரம்பியோரே பெரும்பாலும் அதன் பயனாளிகள். வைத்தியர் கட்டணம் முதலியவற்றுக்கான 'பி' பிரிவில் தொடக்கத்தில் மாதச் சந்தா 3 டாலர்; செல்வர்க்கும் எளியோர்க்கும் அதுவே. பின்னர்ச் செலவு பெருகிற்று. இன்று சாதாரணச் சந்தா அப்பிரிவின் செலவில் ஏறத்தாழக் கால் பங்கையே ஈடுசெய்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை அரசாங்கம் பொது வருவாயிலிருந்து ஏற்கிறது. செல்வர்க்கும் இவ்வளவு உதவி எதற்கு என்ற எண்ணத்தில், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2007 முதல் உயர்ந்த வருமானமுடையோர்மீது மிகைக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2011இல் மருந்துப் பிரிவுக்கும் அது விரிந்தது.

2025ஆம் ஆண்டின் கணக்கைப் பார்ப்போம். தனி நபரின் ஆண்டு வருமானம் 1,06,000 டாலருக்கும், தம்பதியரின் கூட்டு வருமானம் 2,12,000 டாலருக்கும் மேற்படாவிடில் 'பி' பிரிவுச் சந்தா மாதம் 185 டாலர். மேற்பட்டால் ஐந்து படிகள் உண்டு. முதற்படியில் 259 டாலர், உச்சப்படியில் 628.90 டாலர். தம்பதியர் இருவரும் தனித்தனியே செலுத்த வேண்டும்.

கொள்கை நியாயமானதே. இடர் அதன் அமைப்பில் இருக்கிறது. எல்லையை ஒரு டாலர் தாண்டினாலும் முதற்படிக் கட்டணம் முழுவதும் விழும். ஆண்டுக்கு 888 டாலர் கூடுதல். மேலும், கணக்கில் எடுக்கப்படுவது இரண்டாண்டுகளுக்கு முந்திய வருமானம். 2023இல் நிலத்தை விற்று இலாபம் பெற்ற முதியவர், 2025இல் பழைய எளிய வருவாயோடு வாழ்ந்தாலும், அவ்வாண்டு முழுவதும் மிகைக் கட்டணம் செலுத்த நேரும். வேலையிலிருந்து ஓய்வு, துணையின் மரணம், மணமுறிவு போன்றவற்றால் வருமானம் குறைந்தோர் உரிய படிவத்தில் மனுச் செய்து குறைப்புக் கோரலாம். தாமாக விரும்பி நிலம் விற்றோருக்கு அச்சலுகை இல்லை.

சக்திக்கேற்பச் செலுத்துதல் கூட்டுறவுக்கு உகந்த நெறி. ஆயினும் கட்டணம் படிப்படியாகத் தாவாமல் சரிவாக உயர வேண்டும்; அங்கத்தினரின் இன்றைய நிலையைக் கேட்டறியவும் வழி வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடில், நியாயத்தின் பெயரால் அமைந்த விதியே சிலருக்குச் சுமையாகிவிடும்.