ஒரே சார்ஜர், 27 ராணுவங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்கச் சலுகை பேச இந்திய அதிகாரிகள் அதன் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் போகிறார்கள். பெர்லினிலோ ரோமிலோ தனியாகப் பேசிப் பயனில்லை. அந்த அதிகாரத்தை உறுப்பு நாடுகள் எப்போதோ ஒன்றியத்திடம் ஒப்படைத்துவிட்டன. ஆனால் 2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது பிரான்ஸ் அரசோடு. பிரஸ்ஸல்ஸின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

செல்போன் சார்ஜருக்கு ஒரே சட்டம் போட்டு ஆப்பிளையே வழிக்குக் கொண்டுவந்த ஒன்றியம் இது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது போன்களில் யுஎஸ்பி-சிதான். ஆனால் செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவைத் தனி நாடாக ஏற்பதா என்று கேளுங்கள், ஒருமித்த பதில் கிடைக்காது. ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா மறுக்கின்றன. ஸ்பெயினுக்குத் தன் கட்டலோனியா மாநிலமும் பிரிந்துவிடுமோ என்ற பயம்.

சின்ன விஷயத்தில் சேருவார்கள், பெரிய விஷயத்தில் பிரிவார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. 1951-ல் ஆறு நாடுகள் முதலில் பொதுவில் வைத்ததே நிலக்கரியும் எஃகும். பீரங்கி செய்கிற சரக்கு! பொது ராணுவம் என்ற யோசனையைக் கிளப்பியதும் பிரான்ஸ்தான். 1954 ஆகஸ்ட் 30 அன்று அதைக் குழிதோண்டிப் புதைத்ததும் பிரெஞ்சு நாடாளுமன்றம்தான். ஸ்டாலின் இறந்து, கொரியப் போர் ஓய்ந்து, பழைய சோவியத் பயம் வடிந்திருந்தது. ஜெர்மானியர் மறுபடி சீருடை போடுவதும், சொந்தப் படை கைவிட்டுப் போவதும் பலருக்குக் கசந்தன.

நாணயத்தைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? அதையே யூரோவுக்காகப் பல நாடுகள் விட்டுக்கொடுத்தன. ஜெர்மன் மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் பிரான்ஸும் ஏற்றியாக வேண்டிய நிலை ஏற்கெனவே இருந்தது. சொல்லவும் கேட்கவும் தனக்கு ஓர் இடம் வேண்டுமென்று பாரிஸ் நினைத்தது. ஜெர்மனி தன் மார்க் நாணயத்தைக் கொடுத்து, தன் வங்கியின் அச்சிலேயே ஒரு பொது வங்கியை பிராங்க்பர்ட்டில் வாங்கிக்கொண்டது. கொடுப்பதற்கு ஈடாக எதிரிலிருப்பவரிடம் சரக்கு இருந்தது, பேரம் படிந்தது.

வரியில் அந்தப் பேரம் சுலபத்தில் படிவதில்லை. ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். நிறுவனங்களுக்கு 12.5 சதவீத வரி என்று சொல்லி முதலீட்டை இழுத்த அயர்லாந்துக்கு, அதை விட்டுக்கொடுத்தால் யார் என்ன ஈடு தர முடியும்? வரி, பென்ஷன், பள்ளிப் பாடம் எல்லாம் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டாக எண்ணப்படுபவை. சார்ஜர் வடிவத்துக்காக எந்த ஆட்சியும் கவிழ்ந்ததில்லை.

உக்ரைன் போர் இந்தக் கணக்கைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது. ஆயுதக் கொள்முதலுக்காக 150 பில்லியன் யூரோ வரை ஒன்றியமே கடன் திரட்டி உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்க 2025 மே மாதம் ஒப்புக்கொண்டார்கள். கடன்தான் பொது. வாங்கிய பீரங்கியும் அதை இயக்கும் சிப்பாயும் அந்தந்த நாட்டின் கட்டளைக்கே கட்டுப்பட்டவர்கள்.