பூச்சிமருந்து, பாம்பு நஞ்சு, ஒரே ஏற்பி

நரம்பு நுனியிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள் அசிடைல்கோலின். அதை வாங்கிக்கொள்ளும் புரதங்களே கோலினெர்ஜிக் ஏற்பிகள். இவற்றில் இரண்டு வகை உண்டு. கை, கால், கண்ணிமை, மூச்சுத் தசைகளை இயக்குபவை நிகோடினிக் ஏற்பிகள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்பே வேலையை முடித்துவிடும். மஸ்கரினிக் ஏற்பிகள் நிதானமானவை. இதயத் துடிப்பைக் குறைப்பது, கண்மணியைச் சுருக்குவது, எச்சில், வியர்வை, சளி சுரக்கச் செய்வது எல்லாம் இவற்றின் பொறுப்பு. வேலை முடிந்த அசிடைல்கோலினை உடனே உடைத்துப்போட ஒரு நொதியும் இருக்கிறது.

ஆட்டையாம்பட்டியைச் சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்கு ஆபத்து இந்த நொதி வழியாகத்தான் வருகிறது. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் நொதியை முடக்கிவிடும். காற்றுக்கு எதிரே நின்று அடித்தாலும், கசியும் தெளிப்பான் முதுகை நனைத்தாலும், மருந்து தோல் வழியே உள்ளே போய்விடும். உடையாத அசிடைல்கோலின் ஏற்பிகளை ஓயாமல் தூண்டுகிறது. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், எச்சில் ஒழுகும், வயிறு புரட்டும், நெஞ்சில் சளி கட்டி மூச்சிரைக்கும். தசைகள் துடிதுடித்துப் பிறகு சோர்ந்துவிடும்.

இதற்கு மாற்றுமருந்து அட்ரோபின். மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்துச் சுரப்புகளை வற்றவைக்கிறது. வேலியோர ஊமத்தையில் இருப்பதும் இந்த இனப் பொருளே. அதன் காயைத் தின்ற குழந்தைக்கு நேர்மாறாக வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் வரும். ஆனால் அட்ரோபினால் தசையிலுள்ள நிகோடினிக் ஏற்பிகளுக்குப் பயனில்லை. நஞ்சு தெளிந்ததுபோல் தோன்றி, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் நோயாளிகளை 1987இல் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் விவரித்தார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்துப்போவது தவறு என்பது இதனால்தான்.

நல்லபாம்பு கடித்தால் கதை தலைகீழ். அசிடைல்கோலின் போதிய அளவு இருக்கும். நஞ்சு நிகோடினிக் ஏற்பியின் மேல் உட்கார்ந்துகொண்டு அசிடைல்கோலினை நெருங்கவிடாது. முதலில் இமை தொங்கும், பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது. பாம்புக்கடி மருந்தோடு நியோஸ்டிக்மினும் கொடுப்பார்கள். மருந்தடித்தவரைச் சாய்த்த அதே வேலையை, அதாவது நொதியை அடக்குவதை, நியோஸ்டிக்மின் அளவோடு செய்கிறது. அசிடைல்கோலின் பெருகி நஞ்சோடு மல்லுக்கு நிற்கிறது. கட்டுவிரியன் நஞ்சு நரம்பு நுனியையே சிதைப்பதால் அங்கே இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது.

பாம்பே இல்லாமல் இமை தொங்குவதும் உண்டு. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நிகோடினிக் ஏற்பிகளை அழிக்கிறது; காலையில் தெளிவாக இருக்கும் கண் மாலையில் சொருகும். நியோஸ்டிக்மினைப் போலவே, மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் மாத்திரையும் நொதியை அடக்கும் வகையே.

மருந்தடித்தவருக்குத் தலைசுற்றினால் நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.