எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளைப் படம்பிடித்துத் தொகுப்பவர், தலைப்பைத் தமிழில் மட்டும் போட்டு நிறுத்திவிட முடியாது. 1960 ஏப்ரல் 1இல் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும் ஆந்திரப் பக்கத்துப் பக்தர்கள் வருவது நின்றுவிடவில்லை. தெலுங்குத் தலைப்பும் வேண்டும். இரண்டிலும் பிழை வரும், கடைசி நேரத்தில் பெயர் மாறும். வீடியோ எடிட்டிங் மென்பொருளையும் எழுத்தை அசையவைக்கும் மென்பொருளையும் இணைத்து வேலை செய்ய இதுவே வலுவான காரணம். நேரம் மிச்சம் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

பிரீமியர் புரோ காட்சிகளை வெட்டிக் கோக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எழுத்தையும் படத்தையும் அடுக்கி அசைக்கும். இன்று இரண்டும் அடோபியின் சரக்கு. ஆனால் பின்னது 1993இல் கோசா என்ற சிறு அமெரிக்க நிறுவனத்தில் பிறந்து கைமாறி வந்தது. பழைய முறையில் அசையும் தலைப்பை ரெண்டர் செய்து, தனி வீடியோவாக்கி, டைம்லைனில் வைப்பார்கள். அந்த நொடியே எழுத்து வெறும் புள்ளிகளாகிவிடும். ஒரு கொம்பு விட்டுப்போனாலும் மறுபடி ரெண்டர். 2006இல் வந்த ‘டைனமிக் லிங்க்’ இணைப்பு முறையில் டைம்லைனில் இருப்பது ஏறத்தாழ ஒரு முகவரிதான். ஃபிரேம் தேவைப்படும்போது பிரீமியர் கேட்கும், பின்னணியில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கணக்கிட்டுக் கொடுக்கும். அங்கே திருத்தினால் இங்கே மாறிவிடும். தமிழுக்கு இதில் கூடுதல் சங்கடம் உண்டு. ‘வேல்’ என்பதில் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடிலோ வகரம்தான் முதலில். இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் எழுத்துப் பொறி. இரு மென்பொருளிலும் அந்தப் பொறி சரியாக அமையாவிட்டால் கொம்பு இடம் தவறலாம். தெலுங்கில் அடியில் ஒட்டும் மெய்வடிவங்கள் சிதறலாம். இந்தப் பிழை பெரும்பாலும் கடைசியில்தான் கண்ணில் படும்.

இணைப்பு கணினியைத் திணறடிக்கிறது என்பார்கள். உண்மைதான்: நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நொடித் தலைப்புக்கு 250 ஃபிரேம், அதுவும் இரண்டு பெரிய மென்பொருள்கள் ஒரே நினைவகத்துக்குப் போட்டியிடும்போது. அதற்குத்தான் பிரீமியரில் ‘ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்’ என்ற வசதி. தற்காலிகமாக வீடியோவாக்கிக்கொண்டு, திருத்தம் வந்தால் இணைப்புக்கே திரும்பலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குள் 2018 முதல் எழுத்தை அசைக்கும் ஃப்யூஷனே இருக்கிறது, இலவசப் பதிப்பும் கிடைக்கிறது, பிறகு எதை எதோடு இணைப்பது என்றும் கேட்கலாம். ஒருவரே எல்லாம் பார்க்கும் சிறு ஸ்டுடியோவுக்கு அது நல்ல வழி, மறுக்க மாட்டேன். தெலுங்குத் தலைப்பை வேறொருவர் செய்து தருவதாக இருந்தால் கணக்கு மாறும். அவர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘மோகர்ட்’ வார்ப்புருவாக்கி அனுப்பலாம். அந்த மென்பொருள் இல்லாத கணினியிலும் பிரீமியருக்குள்ளேயே பெயரைத் திருத்திக்கொள்ளலாம். எழுத்துரு மட்டும் இரு கணினியிலும் இருக்க வேண்டும்.