ஒரே புழு, வேறு வேறு நஷ்டம்

பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிரதானம். அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது 2018-ல். அதே ஆண்டே பெரம்பலூர், அரியலூர் சோளக்காடுகளுக்கும் வந்துவிட்டது. குருத்தைத் தின்ற புழு, சொந்த நிலமா, குத்தகை நிலமா என்று பார்க்கவில்லை. ஆனால், நஷ்டம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, அதற்கு வெகுகாலம் முன்பே வந்த இரண்டு புத்தகங்கள் உதவும்.

ஒன்று, அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய 'பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்'. 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அரிசி விளையாததுதான் காரணம் என்று நம்பப்பட்டது. சென் போடும் கணக்கோ, பஞ்சமில்லாத 1941-ஐவிட 1943-ல் அங்கே தானியம் அதிகம் என்கிறது. அரிசி விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. நிலமில்லாக் கூலிகளும் மீனவர்களும் முதலில் விழுந்தார்கள். வாரத்துக்கு உழுதவர்கள் விளைச்சலிலேயே பங்கு பெற்றதால் ஓரளவு தப்பினார்கள். அட்டவணைகள் நிறைந்த புத்தகம். ஈரக் கரிசலில் நடப்பதுபோல மெதுவாகத்தான் படிக்க முடியும்.

மற்றொன்று, பத்திரிகையாளர் சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' (1996). வறட்சி வந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம் என்று தலைப்பே குத்துகிறது. ஏழை மாவட்டங்களில் சுற்றி எழுதிய கட்டுரைகள். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. நிவாரணப் பணம் எங்கே போகிறது, தண்ணீரை விற்பது யார், வட்டிக்கு விடுபவர் எப்படிச் செழிக்கிறார் என்று சென் தொடாத பக்கத்தைக் காட்டுகிறது. விவசாயி முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

பணக் குத்தகைக்கு உழுபவரின் நிலைமை, வாரத்துக்கு உழுபவரைவிட மோசம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகைப் பணம் கொடுத்தாக வேண்டும். நிவாரணமோ பெரும்பாலும் பட்டா உள்ளவர் கணக்குக்குப் போகிறது. குத்தகையைப் பதிவு செய்ய 1969-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால், நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் உரிமையாளர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி அடங்கல் வாங்கி, பொதுச் சேவை மையத்தில் தன் பெயரிலேயே பதிய வேண்டும். ராபி பருவ மக்காச்சோளத்துக்கு, காப்பீடு செய்யும் தொகையில் விவசாயி கட்டுவது 1.5 சதவிகிதத்துக்கு மேல் போகாது. நிவாரணம் வந்தால் யாருக்கு என்பதைக் குத்தகை பேசும்போதே எழுதிக்கொள்வது நல்லது. பதிவுக்கான கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும். உதவி வேளாண்மை அலுவலரிடம் விதைப்புக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.